நாற்பத்தேழாம் எண்ணின் மரணத் தேதி

மன்சூரா, 3 பிப்ரவரி 2024, சனி

கல்லீரல் மருத்துவமனைக்குப் போய்வந்தேன். 14 ஜூன் 2022 அன்று என் புற்றுக்கட்டியை அகற்றிய டாக்டர் ஷாஹிந்தா, பலரின் கட்டித் துண்டுகளை ஆராய்கிறார். கட்டியைச் சூழ்ந்து நிற்கும் நோயெதிர்ப்புக் காவல் உயிரணுக்களின் மரபணுக்களை வாசித்தால், நோய் யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டியே கணிக்கலாமாம்.

"எல்லாம் பொருந்துது, உஸ்தாத் வக்தி. இந்த நாற்பத்தேழு மட்டும் காலை வாருது. காவல் பிரமாதம், ஆனா அஞ்சே மாசத்துல ஆள் போயிட்டாரு. இந்த மாசத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா கணிப்பையே கைவிடணும்," என்றார். மரியாதைக்கு என்னை 'உஸ்தாத்' என்றே அழைப்பார்.

தாளில் பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். 47: மரணம், 9 நவம்பர் 2022.

வீட்டுக்கு வந்து, ஆய்வுக்கு நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். எண் 47.

4 பிப்ரவரி, ஞாயிறு

முப்பத்தொரு ஆண்டுகள் இந்நகரின் மரணங்களைப் பதிவு செய்தவன் நான். சாட்சியில்லாமல் ஒரு தேதியும் எழுதியதில்லை. என் மரணத்துக்குச் சாட்சி யார்?

பழைய நாட்குறிப்பில் அந்த நவம்பர் 9, புதன்கிழமையைத் தேடினேன்: "நைலின் மேல் பனி. பொரித்த மீன். மூக்குக்கண்ணாடியின் திருகு சரிசெய்யப்பட்டது." இறந்த நாளுக்கு அது மிக நல்ல நாள்.

பிற்பகல் உறக்கத்தில் ஒரு நெல்வயல். நடுவே கறுத்த குட்டை. சுற்றிலும் வெண்கொக்குகள், ஒற்றைக் காலில், அசையாமல். என்னைக் காக்கின்றனவா — காத்து முடித்துவிட்டனவா?

5 பிப்ரவரி, திங்கள்

மனைவி இன்ஸாஃபிடம் கேட்டேன். ஆரஞ்சு உரித்தபடியே சொன்னாள்:

"அந்த நவம்பர்ல ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு பொண்ணு போன்ல, 'எப்படி இருக்காரு'ன்னு கேட்டா. நீங்க பால்கனியில பாடிக்கிட்டு இருந்தீங்க. முகம் தெரியாதவகிட்ட நல்லா இருக்காருன்னு சொல்லிக் கண்ணு பட வைக்கவா? இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டேன். அப்புறம் அந்த நம்பரை எடுக்கவே இல்லை."

"அதனால எனக்குத் தேதியே குறிச்சுட்டாங்க."

"கண்ணு படலைல்ல, அபூ ராமி? அப்புறம் என்ன?" மகன் ராமியின் அப்பா என்றுதான் என்னை எப்போதும் அழைப்பாள்.

இவளை என்ன செய்ய? கோபப்படத்தான் நினைத்தேன். வரவில்லை. ஒரு சுளையை வாங்கித் தின்றேன்.

7 பிப்ரவரி, புதன்

அடையாள அட்டையுடன் சென்றேன். ஷாஹிந்தா தொட்டுப் பார்க்காத குறையாகப் பார்த்தார். "நீங்களா அது?"

வரி திருத்தப்பட்டது: உயிருடன், 7.2.2024. கணிப்பும் உயிர்பிழைத்தது.

"அப்ப எனக்குத் திரும்பாதா?"

"வாய்ப்பு குறைவு, உஸ்தாத். உறுதி இல்ல. அடுத்த ஸ்கேன் சொல்லட்டும்."

இன்றும் உறக்கத்தில் கொக்குகள். ஒன்று மட்டும் காலை மாற்றிக்கொண்டது.

3 மார்ச், ஞாயிறு

நேற்றைய ஸ்கேனில் எதுவும் இல்லை. காலை 8.20க்கு, நைலின் மேல் பனி கலையுமுன்னே, ஆய்வு அலுவலகத்திலிருந்து தொலைபேசி. இன்ஸாஃப் எடுத்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"உயிரோட இருக்காரு. அதுக்கு மேல எதுவும் கேக்காதம்மா."