சேந்தன் கழுத்தும் பாசிக்குள் இருந்த ஓட்டுயிரும்

திரு வளர்க! முகில்மலைக் கோட்டையின் காவலரும், மும்முறை எல்லை மீட்டவரும், எட்டு வாயிலுக்கும் உரியவருமான படைத்தலைவர் அத்தி வேண்மான் அவர்களுக்கு, நீலக்கல் நாட்டு முதலமைச்சன் ஆதன் எழினி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடியும் சுனையும் வாழ்க. மற்ற விருதுகளை எழுதப் பொழுதில்லை, பொறுத்தருள்க. குதிரை வாயிலில் நிலைகொள்ளாமல் நிற்கிறது.

எல்லைக் காவலன் சேந்தனை நாளை உச்சிப்பொழுதில் வெட்டச் சொல்லும் அரசாணை இதற்குள் தங்கள் கைக்கு வந்திருக்கும். அந்த வாளைத் தாங்கள் நிறுத்த வேண்டும்.

அயல்நாட்டாருக்கு நிலம் சேரட்டும் என்று, ஓடைக்கரையில் நின்ற எல்லைக்கல்லைச் சேந்தன் மலையுச்சிக்கு நகர்த்தினான் என்பது வழக்கு. கல் என்றும் உச்சியில்தான் வெயில் காய்கிறது என்று அவன் தலையிலடித்துச் சத்தியம் செய்தான். சாட்சி இல்லை. ஆகவே கல்லில் படிந்த பாசியைச் சுரண்டி, பாசி ஆராயும் இளநாகையாரிடம் கொடுத்தோம். பாசிக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிரொன்று உண்டு. கையில்லை, காலில்லை, நிலைத்த வடிவமும் இல்லை. கொழகொழவென்று இருக்கும் அது மணல்துகளை ஒட்டி ஓடு கட்டி அதற்குள் குடியிருக்கும். ஓடையோர ஈரப்பாசியில் ஓரினம், காய்ந்த பாறைப் பாசியில் வேறோரினம்.

இளநாகையார் சிறியதைப் பெரிதாக்கிக் காட்டும் பளிங்குமணியை வைத்து நோக்கினார். கவிழ்த்த சட்டி போன்ற பழுப்பு ஓடு தெரிந்தது. முதுகுப்புறம் இரண்டினமும் ஒன்றுபோலவே இருக்கும் என்றும், புரட்டி வாயைப் பார்த்தால்தான் துணிந்து சொல்ல இயலும் என்றும், அதற்கு இரண்டு நாள் தேவை என்றும் முறையிட்டார். இந்த அமைச்சனோ, மன்னர் கடற்பயணம் புறப்படுகிறார், ஒரு தூசியைப் புரட்ட இரண்டு நாளா என்று எரிந்து விழுந்தான். அவர் வேறு வழியின்றி, ஓடையினம் போலத் தெரிகிறது என்றார். அமைச்சன் மன்னரிடம் ஓடையினமே என்று அடித்துச் சொல்லிவிட்டான். பாவி!

இன்று காலை இளநாகையார் தலைவிரிகோலமாக ஓடிவந்தார். மயிரிழையால் பதினேழு ஓடுகளைப் புரட்டிவிட்டாராம். ஓடையினத்துக்கு வாய் நடுவில் வட்டமாக இருக்கும். இவை பதினேழுக்கும் ஓரத்தில் நீண்ட கீறல். காய்ந்த பாறையில் மட்டும் வாழும் இனம். கல் நகரவே இல்லை ஐயா, அநியாயமாக ஒருவனைக் கொல்லப்போகிறோம் என்று அழுதார். அமைச்சனும் பளிங்கில் கண் வைத்துப் பார்த்தான். கீறலேதான். அதிலிருந்து அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மன்னரோ நடுக்கடலில். அரச முத்திரையிட்ட ஆணையை அமைச்சன் தன் மோதிரத்தால் நிறுத்தினால், மன்னர் திரும்பி ஒப்பும்வரை தன் கழுத்தைப் பிணை வைக்க வேண்டும் என்பது நம் நாட்டு முறை. மன்னரின் முன்கோபம் தாங்கள் அறிந்ததே. அமைச்சனுக்கு அச்சம் இல்லாமலில்லை. மோதிரத்தை இருமுறை எடுத்து இருமுறை கீழே வைத்தான். மூன்றாம் முறை இவ்வோலையில் பதித்துவிட்டான்.

ஆகவே ஆணை: சேந்தனின் விலங்கைக் கழற்றுக. வயிறாரச் சோறிடுக. அவன் மனைவி கோட்டை வாயிலில் அழுதுகொண்டிருந்தால் உடனே உள்ளே விடுக. மோதிரக்குறி மட்டுமே உள்ளது என்று தயங்க வேண்டா. குறியிட்டவன் இந்தக் குதிரைக்குப் பின்னாலேயே புறப்படுகிறான். உச்சிப்பொழுதில் தங்கள் வாளுக்கு ஒரு கழுத்து வேண்டியே தீருமென்றால், வாயிலைத் திறந்து வையுங்கள். அது வந்துகொண்டிருக்கிறது.