எம் பேருக்குப் பக்கத்துல பி.காம்.

ஆவணி 10, புதன்

அக்கா கல்யாணத்துக்கு பிளக்ஸ் அடிக்க, தல்லாகுளத்துல நான் வேலை பாக்குற கடைக்கே இன்னைக்கு அப்பா வந்தாரு. சொந்தக்காரங்க பேரும் பேருக்குப் பக்கத்துல படிப்பும் எழுதுன பேப்பரை நீட்டுனாரு. எம் பேருக்குப் பக்கத்துல, "பி.காம்., முதலாம் ஆண்டு".

நான் எந்தக் காலேஜ்லயும் சேரலை. பிளஸ் டூ முடிச்சதும், ஒரு வருஷம் வேலை பாத்துட்டுச் சேர்றேன்னு சொன்னப்ப சரின்னு தலையாட்டுனது இதே அப்பாதான்.

"என்னப்பா இது?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? சும்மா அடி தாயி."

சும்மாவாம்! பத்தாவதைத் தாண்டாத சித்தப்பா பேருக்குப் பக்கத்துல "விவசாயி"ன்னு பெருமையா எழுதியிருக்காரு. சித்தப்பா செய்யுறது வேலை, நான் செய்யுறது மட்டும் மூடி மறைக்கிற அசிங்கமா? அந்த பிளக்ஸையே நான்தானே டிசைன் பண்ணணும்?

அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போங்கன்னேன். "எல்லாம் நீ பாத்துக்கிருவ"ன்னு கிளம்பிட்டாரு.

பாத்துக்கிட்டேன். அம்புட்டுப் பேரையும் அவர் எழுதுனபடியே அடிச்சேன். எம் பேருக்குப் பக்கத்துல மட்டும் "பிளக்ஸ் டிசைனர்"னு போட்டு பிரிண்டுக்கு அனுப்பிட்டேன். நாளைக்குக் காலையில திருநகர் மண்டபத்து வாசல்ல கட்டிருவாங்க. இருபதடி உயரம். அப்பா அண்ணாந்து பாத்துப் படிக்கட்டும்.