ஜிம்மி நக்கிய கை

ஆகஸ்ட் 9, சனி. வாகரை.

நாயையும் கூட்டி வரலாம் என்றதால்தான் வாவிக்கரையில் இந்தச் சொகுசுக் கூடாரத்தை எடுத்தேன். மாலையில், ஓட்டமாவடியிலிருந்து இங்கே வேலைக்கு வரும் நௌபர் தேநீர் கொண்டுவந்தார். என் ஜிம்மி ஆசையாகப் பாய்ந்து அவர் கையை நக்கிவிட்டது.

"பரவால்ல சேர். நாய் நக்கினா மண் போட்டுக் கழுவிட்டுத்தான் நாங்க தொழலாம்," என்று சிரித்தார்.

கரையில் வெகுநேரம் கழுவினார். தொழுதுவிட்டு வர, இரவுச் சாப்பாடு பிந்தியது. நௌபரைக் காக்கா, அண்ணன், என்று அழைக்கும் முகாமையாளரின் குரல் கூடாரத்துக்குள் கேட்டது.

"இனி நாயோட வாற ஆக்கள்தான் கூடுதல், காக்கா. ஏலாட்டி வேற வேலையப் பாருங்க."

நான் போய்ப் பேசினால் அதையும் முறைப்பாடாக எடுப்பார்களோ என்று கூடாரத்துக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

காலைத் தேநீரும் நௌபர்தான் கொண்டுவருவார். ஜிம்மியைக் கட்டிவைக்க வேண்டும். அது இப்போதே வாசலைப் பார்த்துப் படுத்திருக்கிறது.