நூலா, கத்தியா

பூசான், தென் கொரியா, 6 மார்ச் 1994

அன்புள்ள சேரிம் அப்பாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. பனிக்காலத்தில் எனக்கு ஆசனவாய் ஓரம் சீழ்க்கட்டி வந்து கீறினார்கள். கடலில் இருப்பவரை எதற்குக் கலங்கவைப்பது என்று எழுதவில்லை. அந்த இடம் மூடவேயில்லை. உள்ளே பாதை விழுந்து பவுத்திரம் ஆகிவிட்டதாம். சந்தையில் மீன் அரியும்போதுகூட ஒருக்களித்தே உட்காருகிறேன்.

தெருமுனை டாக்டர், "பாதை முழுக்க வெட்டித் திறந்துட்டா ஒரே தடவைல முடிஞ்சிடும்" என்கிறார். பெரிய ஆஸ்பத்திரிப் பெண் டாக்டரோ, "அது தசையைத் துளைச்சுக்கிட்டுப் போகுது. வெட்டினா மலத்தை அடக்க முடியாமப் போகலாம். அந்தப் பாதை வழியா நூல் கோத்து சீழை வடியவிட்டு, அப்புறம் உள்சவ்வை இழுத்து அதோட வாயை மூடலாம். ஆனா திரும்பவும் வரலாம்" என்கிறார். பக்கத்துக் கடை சுன்ஜா அக்கா, "நூலைத் தொங்கவிட்டுக்கிட்டா கானாங்கெளுத்தி விப்ப?" என்று சிரிக்கிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மல்சூன்

லாஸ் பால்மாஸ் துறைமுகம், ஸ்பெயின், 17 ஏப்ரல்

அன்பு மல்சூன்,

இன்று கரை சேர்ந்த பிறகுதான் உன் கடிதம் கிடைத்தது. எத்தனை முறை படித்தும் எந்த டாக்டர் சொல்வது சரி என்று விளங்கவில்லை. கப்பல் சமையல்கார சோ அண்ணனிடம் கேட்டேன். "வெட்டிடச் சொல்லுடா, என் மச்சானுக்குச் சட்டுனு ஆறிடுச்சு" என்றார். இயந்திர அறைக்காரர், "எங்க சித்தப்பா வெட்டிக்கிட்டு, இப்ப வீட்டை விட்டே வெளிய வர்றதில்ல" என்றார். சாப்பாட்டு மேசையில் அதுவே சண்டையாகிவிட்டது.

மாதக்கணக்கில் நீ நூலோடு நடக்க வேண்டாம். வெட்டிவிடு.

பான்கில்

பூசான், 12 ஜூன்

சேரிம் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு வெகுமுன்பே நூல் கோத்தாகிவிட்டது. மறுபடி சீழ் கட்டிக் காய்ச்சல் கொதித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "பிரசவத்துல கிழிஞ்சதாம்மா?" என்று அந்த டாக்டர் கேட்டார். சேரிம் பிறந்தபோது தையல் போட்டதைச் சொன்னேன். "அப்ப தசை ஏற்கெனவே பலவீனம். உங்களுக்கு வெட்டு வேணாம்" என்றார். முதல் டாக்டர் அதைக் கேட்கவேயில்லை. நீங்களும் கேட்டதில்லை. அன்றும் கடலில்தானே இருந்தீர்கள்.

போன மாதக் கடைசியில் சவ்வை இழுத்து மூடினார்கள். நன்றாகத்தான் இருந்தது. நேற்று மறுபடி ஈரம். அழுதுகொண்டே போனேன். "இன்னொரு தடவை மூடிப் பார்க்கலாம். இல்லேன்னா, தளர்வா ஒரு நூலோடவே இருந்துடலாம். ரெண்டும் தப்பில்ல" என்கிறார். தப்பில்லாத இரண்டில் எதை எடுப்பது?

கப்பல் முழுக்க என் பின்பக்கத்தைப் பற்றித்தான் பேச்சா? இனி உங்களிடம் எதையும் கேட்பதாக இல்லை.

மல்சூன்

லாஸ் பால்மாஸ், 9 ஜூலை

மல்சூன்,

நீ கேட்கவில்லை. அதனால் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது.

கப்பல் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். கேப்டன், "பொண்டாட்டிக்கு மூலம்னு எவனாவது கப்பலை விட்டு இறங்குவானாடா?" என்று கத்தினார். "மூலம் இல்லீங்க, பவுத்திரம்" என்றேன். சாப்பாட்டு மேசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் விமானம். எனக்காக எதையும் தள்ளிப்போடாதே. அதற்குள் மறுபடி மூட நாள் குறித்துவிட்டால் நேராக ஆஸ்பத்திரிக்கே வருகிறேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் துணைக்கு இருப்பவர் படுக்கிற பலகையில் வேறு யாரையும் படுக்கவிடாதே.

பான்கில்