துரைக்கு ஒரு கயாக்

நவம்பர் 3, திங்கள்

தூறல். நேற்று கல்லறைத் திருநாளில் புடவையில் சிந்திய மெழுகைச் சுரண்டியாச்சு. போகவில்லை.

வாங்க: தூண்டில் முள், உப்பு, து.வுக்கு ரப்பர் செருப்பு.

து. என்றால் துரை. என் புருஷன் சவரிதான், வேறு யார். அம்பத்தூர் ஏரியில் லாரி ட்யூபில் மிதந்து மீன் பிடிக்கிற துரை. ரெண்டு கையிலும் செருப்பை மாட்டித் தண்ணீரைத் தள்ளித்தான் போவார். இன்று கரையிலிருந்து பார்த்தேன். இடது கைச் செருப்பு கழன்று தனியாகப் போகிறது. அவருக்குத் தெரியவேயில்லை. ட்யூப் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது.

"இன்னாயா, தேர் சுத்துறியா?" என்று கேட்டேன். ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுக்கிற ஆள், வலது கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டேயிருந்தார்.

சாயங்காலம் போனில் வீடியோ காட்டினார். கயாக் வேணுமாம், துடுப்புப் போட்டுப் போகிற சின்னப் படகு. மீனுக்கும் ஆகும், நீர்க்கோழி வேட்டைக்கும் ஆகும் என்றார். ஃபாரஸ்ட்காரன் வந்து உன்னைத்தான் வேட்டையாடுவான் என்றேன்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. து. கையிலிருந்து டீ டம்ளர் விழுந்து உடைந்தது. இடது கை. இந்த வாரம் மூன்றாவது. டம்ளருக்கு உன்மேல் என்ன கோபம் என்றேன். கை ஈரம் என்றார். ஈரமில்லை, பார்த்தேன்.

மகள் ஸ்டெல்லா முகப்பேரிலிருந்து போன். அப்பா எப்படி என்றாள். து. எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா கீறாரு என்றேன்.

ஏன் சொன்னேன். மாமனாருக்கும் இப்படித்தான். முதலில் கை. அப்புறம் வாய் கோணிற்று. அப்புறம் ஆறு வருஷம் படுக்கை. துடைத்துவிட்டதெல்லாம் து.தான். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில், புழுக்கம். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், ஃபைபர் படகு செய்கிற ஷெட். பஸ்ஸில் து. இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டே வந்தார், யாரோ பிடுங்கிக்கொண்டு போகப்போகிற மாதிரி.

ஷெட்காரர் காட்டியது:
பச்சை. குறுகல். ஒரே ஆள், காலை உள்ளே நுழைத்து உட்காரணும். சத்தம் வராது, வேட்டைக்கு நல்லதாம்.
காற்றடிக்கிறது. மடித்துத் தோளில் போட்டுக்கொள்ளலாம். தூண்டில் முள் பட்டால் தீர்ந்தது.
ஆரஞ்சு. பாய் மாதிரி அகலம். மேலேயே உட்காருவது. ரெண்டு பேர்.

து.வுக்குப் பச்சை. ரெண்டு தலை தெரிந்தால் கோழி பறந்துவிடுமாம். பறக்கட்டும் என்றேன்.

அங்கே பெரிய சிமெண்ட் தொட்டி, படகு ஒழுகுதா என்று பார்க்க. அதில் பச்சையை இறக்கினார்கள். து. ட்யூபில் ஏறுகிற பழக்கத்தில் பின்பக்கத்தை முதலில் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார். கவிழ்ந்தது. கால் உள்ளே மாட்டிக்கொண்டது, தலை தண்ணீரில். வலது கை விளிம்பைப் பிடித்தது. இடது கை பக்கத்தில் சும்மா மிதந்தது.

நானும் ஷெட்காரரும் இழுத்துப் போட்டோம். பழகிடும் அண்ணாத்தே என்றார் அவர். நானும் சிரித்துவைத்தேன்.

ஷெட்காரர் துண்டு எடுக்கப் போனதும் சொன்னேன். "ஆரஞ்சுதான். நானும் வருவேன். இல்லாட்டி இப்பவே ஸ்டெல்லாவுக்கு போன் போடுறேன்."

ஈரச் சட்டையை வலது கையால் பிழிந்தார். "நீ முன்னாடி குந்துறியா?"

"குந்துறேன்."

"அப்போ சரி."

நவம்பர் 9, ஞாயிறு

பூசை. சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கும்போது து. எப்போதும் இடது உள்ளங்கையை நீட்டுவார். இன்று நாக்கை நீட்டினார்.

மதியம் ஆரஞ்சு வந்து இறங்கியது. வாசல் அடைத்துக்கொண்டது. கோலம் போட இடமில்லை.

நவம்பர் 10, திங்கள்

கருமேகம். காற்றே இல்லை. காலை ஆறரைக்கு ஏரியில் இறக்கினோம். ட்யூப்காரர்கள் கரையில். "இன்னா மாமே, ஹனிமூனா?" என்றான் ஒருத்தன். து. வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

முன்னால் நான், பின்னால் து., ரெண்டு முனையிலும் தட்டு வைத்த ஒரே துடுப்பு அவரிடம். முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருக்கிற ஆள் தெரியாது. நடு ஏரியில்தான் இது எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்க்கப் போனேன், படகு ஆடியது. திரும்பாதே லூர்து என்றார்.

ஆகாயத்தாமரை ஓரம் ஒரு நீர்க்கோழி. நாங்கள் கிட்டே போயும் பறக்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. பிடிக்கலையா, கும்பிட்டு அனுப்பு என்றேன். துடுப்புச் சத்தம் மட்டும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, சீராக. கை சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

ஜிலேபிக் கெண்டை ஏழு. விரால் ஒன்று.

கரைக்கு வந்து இறங்கித் திரும்பினேன். இடது கையைத் துடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். என் பழைய புடவைக் கிழிசல், மூன்று சுற்று. முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்தது. பல்லால்தான் அவிழ்த்தேன். துணி போன பிறகும் விரல் துடுப்பை விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நீலமாக இருந்தது. கவிழ்ந்திருந்தால் என்று கேட்க வந்தேன். கேலியாகக் கேட்கத் தெரியவில்லை. வேறு மாதிரி கேட்கப் பயம்.

"ஒத்தக் கையால கட்ட கஷ்டமா கீது," என்றார். "நாளைக்கு நீயே கட்டி உடு, லூர்து."

தலையாட்டிவிட்டேன்.

துணியைத் துவைத்து அடுப்புப் பக்கத்தில் காயப்போட்டிருக்கிறேன்.