கேட்டில் நின்று பார்த்த படங்கள்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை கும்மிடிப்பூண்டி தியேட்டர் வாசலில் என்னை பைக் திருடன் என்று பிடித்துவிட்டார்கள். ஐம்பதைத் தொடும் வயது, முன்வழுக்கை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, இத்தனை இருந்தும் பார்க்கிங் டோக்கன் கொடுக்கிற ஆள் என் காலரைப் பிடித்தான்.

“யோவ், எந்த வண்டிய நோட்டம் உட்டுக்கினு கீற?”

“வண்டியப் பாக்கலப்பா. படம் முடிஞ்சி வர்றவங்க மூஞ்சியப் பாக்க வந்தேன்.”

“நீ படத்துக்கு வந்தியா?”

“இல்ல.”

“வண்டி எடுக்க வந்தியா?”

“வண்டியே எடுத்தாரல.”

“அப்ப மூஞ்சியப் பாத்து இன்னா பண்ணப் போற, பொண்ணு குடுக்கப் போறியா?”

நீ இருந்திருந்தால் அவனுக்கு ஒரு பதில் வைத்திருப்பாய். நான் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினேன். நல்லவேளை, அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தார்கள். ஏசிக் குளிரும் வெண்ணெய் பாப்கார்ன் வாசனையும் வெளியே வந்து, வெயிலில் காய்ந்த பெட்ரோல் வாடையோடு கலந்தன. உலகத்தில் யாருக்கும் அது ஒரு நண்பனின் வாசனையாக இருக்காது. எனக்கு அப்படித்தான். நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய்.

உனக்கு நினைவிருக்கிறதா? கம்பெனியில் நீ அலுமினிய வார்ப்பு லைனின் கடைசி மேஜை இன்ஸ்பெக்டர். உள்ளே உலை எப்படி எரிகிறது, அச்சு எப்படி இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டாய். “வெளிய வர்ற பீஸப் பாத்தாப் போதும்டா, உள்ள மிஷின் இன்னா மூடுல கீதுன்னு தெரிஞ்சிரும்” என்பாய். அதே வித்தையைத்தான் சினிமாவுக்கும் எடுத்துவந்தாய். மணவாள நகரில் நாம் ஏறும் மதிய ஷிஃப்ட் பஸ், தியேட்டருக்கு எதிரே டீக்கு நிற்கும். காலைக் காட்சி விடும் நேரமும் அதுதான். வெள்ளிக்கிழமை புதுப்படம் என்றால் யாரோடாவது ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாவது பஸ்ஸில் இருப்பாய். கட்அவுட் தொங்கும் கேட்டுக்கு நேரே, டீ கிளாஸோடு போய் நிற்பாய். நான் உனக்கு அசிஸ்டென்ட். பிஸ்கட் மட்டும் என் பொறுப்பு.

வெளியே வந்ததும் செல்போனை எடுத்துப் பார்த்தால் படம் தேறாது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சமயத்தில் பேசினால் தேறும். பாத்ரூமுக்கு ஓடுகிறவர்கள் அதிகம் என்றால் இரண்டாம் பாதியில் யாரும் எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம், அது பெரிய பாஸ். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று வைத்திருந்தாய்: “வண்டிய எங்க உட்டோம்னு தேடுறான் பாரு, அவன் இன்னும் வெளிய வரலடா.”

தீர்ப்பும் கம்பெனி பாஷையில்தான். ஓகே என்றால் குடும்பத்தோடு தியேட்டர். ரீவொர்க் என்றால் ஓடிடியில் வந்ததும் ஓட்டி ஓட்டிப் பார்க்கலாம். ரிஜெக்ட் என்றால் பொங்கலுக்கு டிவியில் போட்டாலும் சேனலை மாற்றவேண்டும். நம் பஸ்ஸில் உள்ள அத்தனை குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமையும் உன் வாயில் இருந்தது. ஒருமுறை நீ ஓகே சொன்ன படத்தைப் பஸ்ஸில் வரும் கடம்பத்தூர்க்காரர் போனை நீட்டிக் கிண்டலடித்தாரே.

“இன்னா நைனா, ரிவ்யூல கிழிச்சித் தொங்க உட்டுக்கிறான். நீ ஓகேன்ற?”

“அவன் படத்தப் பாத்தான். நான் பாத்தவனப் பாத்தேன். போய்த்தான் பாரேன்.”

திங்கட்கிழமை அவர் பஸ்ஸுக்குள் ஆடிக்கொண்டே ஏறினார். உனக்கு அன்றைக்கு டீ, வடை, கூடவே ஒரு முத்தமும் கிடைத்தது. முத்தத்தைத் துடைத்துக்கொண்டாய்.

இத்தனைக்கும் அந்த தியேட்டருக்குள் நாம் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. படம் பார்ப்பதெல்லாம் திருவள்ளூரில். கேட்டால், “டெஸ்ட் பண்ற எடத்துல உக்காந்து யாராவது நாஷ்டா துன்னுவானா?” என்பாய்.

போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் நீ திரும்பவில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸில் அவரவர் போனில் அவரவர் படம். தீர்ப்பும் இல்லை, சண்டையும் இல்லை. நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் பெண்டாட்டியோ வேலைக்குப் போவது, வருவது, கதவைச் சாத்துவது என்று ஆகிவிட்டாள். இந்தப் பெரிய படம் வருகிறது என்றதும் என் வீட்டுக்காரி போய்க் கூப்பிட்டாள். வரவில்லை என்றாள். நான் போய்க் கேட்டேன்.

“அண்ணா, அவரு பாஸ் பண்ணாத படத்துக்கு நான் போனதே இல்ல. நீங்க நின்னு பாத்துச் சொல்லுங்க, நல்லாருந்தா வரேன். மொக்கையா இருந்துச்சின்னா இருட்டுல உக்காந்துக்கினு அவரையேதான் நெனச்சிக்கினு இருப்பேன். அதுக்கு ஊட்லயே இருந்துடலாம்.”

பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தவனிடம் என்ன வேலையைக் கொடுத்துவிட்டாள் பார். தப்பான படத்துக்கு அழைத்துப்போனால் அவள் இன்னொரு முறை வாசற்படி தாண்ட மாட்டாள். அதனால்தான் உன் நீலநிற கம்பெனித் தொப்பியை அவளிடமே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். அதனால்தான் திருடனும் ஆனேன்.

ஆனால் கேட் திறந்ததும் வந்தது பார் ஒரு கூட்டம்! பள்ளி விடுமுறை, பிள்ளைகள் குதித்துக்கொண்டு வந்தார்கள். குடும்பப் படம் என்று குறித்துக்கொண்டேன். ஒரு பொடியன் கையைத் தும்பிக்கை மாதிரி தூக்கிப் பிளிறினான். சண்டைக் காட்சி பலம். ஒரு பாட்டி கண்ணைத் துடைத்தபடியே சிரித்தாள். சென்டிமென்ட்டும் உண்டு. ஒருத்தர் கையிலும் போன் இல்லை. ஓர் அப்பா தன் வண்டியைத் தேடி என்னைத் தாண்டி இரண்டு தரம் போனார். காலரைப் பிடித்திருந்தவனின் கையையே பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடினேன். பஸ் படிக்கட்டில் நின்று, “ஓகே! டபுள் ஓகே!” என்று கத்தினேன். கடம்பத்தூர்க்காரர் தொப்பியைப் பார்த்தார். பிறகு விசிலடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் பாதி வரிசை நம் ஆட்கள்தான். தங்கச்சி என் வீட்டுக்காரிக்கு அந்தப் பக்கம். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவள் மூஞ்சியைப் பார்த்தேன். முதல் பாதி முழுக்கக் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஏசியில் எனக்கு வேர்த்தது. “தப்பு பண்ணிட்டனாடா?” என்று உன்னையே கேட்டேன். இடைவேளையில் அவள் எழுந்து போனாள். வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். கை கொள்ளாமல் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்தாள்!

இரண்டாம் பாதியில் ஒரு கல்யாணப் பந்தி ரகளை. சாம்பார் வாளி பறந்ததும் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமல். கடைசியில் வில்லன் விழுந்தபோது இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தாள் பார் ஒரு விசில், அது உன் விசில். எப்போதடா அவளுக்குக் கற்றுக்கொடுத்தாய்? என் வீட்டுக்காரி என்னைக் கிள்ளினாள். நான் அழுதது சாம்பார் வாளிக்காக என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வெளியே வந்து என் வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே போனவள், உன் ஸ்கூட்டரைத் தாண்டி நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் தாண்டினாள்.

“அண்ணா, வண்டிய எங்க உட்டேன்?”

நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது பஸ்ஸுக்கு இன்ஸ்பெக்டர் நான்தான். தொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “நீங்களே வெச்சிக்கோங்கண்ணா, அடுத்த வெள்ளிக்கெழம வேணுமில்ல” என்றுவிட்டாள். அது என் தலைக்குக் கொஞ்சம் பெரிது, காதில் வந்து நிற்கிறது. அதை மாட்டிக்கொண்டுதான் இன்றும் கேட்டுக்குப் போனேன். டோக்கன்காரன் இப்போது நமக்குத் தோஸ்து. டீ வாங்கிக்கொடுத்து உன் வித்தையை முழுவதும் அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே இரண்டு ஸ்கிரீன், தியேட்டர் கட்டிய நாளிலிருந்தே இந்தக் கேட் சின்ன ஸ்கிரீனுக்கு மட்டும்தான் என்றான். கட்அவுட் படம் பார்த்தவர்களைப் பின்பக்கத் தெரு வழியாக வெளியே விடுகிறார்களாம். போன வாரம் சின்ன ஸ்கிரீனில் ஓடியது ஒரு யானைக்குட்டி பொம்மைப் படம்.