அடுத்த வயல் நாற்று

அக்டோபர் 7, செவ்வாய்

எங்கள் பக்கம் சம்பா நடவு முடிந்தது. எல்வினின் போனுக்கு இன்று ரீசார்ஜ் செய்தேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். “எதுக்கு, விண்ணு?” என்று என்னைக் கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் வயலுக்குப் போய்விட்டார்.

அது பேசுவதற்கான போன் இல்லை. என் மகன் எல்வின் செய்த பெரிய டிரோன் வயலில் மருந்தடித்துவிட்டுப் பத்திரமாகத் தரைக்கு வந்தால் “இறங்கியாச்சு” என்று அந்தப் போனுக்குத்தான் மெசேஜ் வரும். அவனே அப்படி வைத்தான். பிப்ரவரியில் பைக்கில் போனவன் வீடு திரும்பவில்லை. பெரியதும் அதற்குப் பிறகு பறக்கவில்லை.

நான் எட்டாவது படித்தவள். இப்போது டிரோன் கம்பெனிக்கு முதலாளி. திருக்காட்டுப்பள்ளியில் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒரு ஊர்ப் பெண்களையே சேர்த்துக் கூட்டிப்போய் நடவு நட்டவள். நாலு பிள்ளைகள் வேலை செய்கிற ஒரு கொட்டகையை நடத்த மாட்டேனா?

அக்டோபர் 9, வியாழன்

வானதி இன்று ஒரு பேச்சை எடுத்தாள். எல்வினோடு காலேஜில் படித்தவள். அவன் போன பிறகு கொட்டகை நிற்பது அவளால்தான்.

சின்ன டிரோன்கள் வாடகைக்கு ஓடுகின்றன, அதில் சம்பளம் வருகிறது. பெரியதுதான் நொண்டி. தொட்டியில் மருந்து பாதியானால் தளும்புகிறது. தளும்பினால் காற்றில் தள்ளாடுகிறது. அதைச் சரிபண்ண எல்வின் எழுதிய புரோகிராம் பாதியில் நிற்கிறது. தை பிறப்பதற்குள் அதைப் பறக்கவிட்டுக் காட்டினால்தான் உழவர் சங்கத்துக்காரர்கள் வேலையை எங்களுக்குத் தருவார்கள். இல்லையென்றால் திருச்சி குணசேகரனுக்கு. அவருக்கும் டிரோன்தான் தொழில், பெரிய இடம். அந்த வேலை அங்கே போனால் எல்வினின் கொட்டகையை நாங்கள் பூட்ட வேண்டியதுதான்.

“குணசேகரன் சார்கிட்ட ஃபஹத்னு ஒரு எஞ்சினியர் இருக்கான் ஆன்ட்டி. எங்களுக்கு ஜூனியர். தளும்பறதுக்கு அங்க வழி கண்டுபிடிச்சதே அவன்தான். நம்மகிட்ட வர்றேங்கறான். யாருக்கும் தெரியாம பேசிக்கிட்டிருக்கேன்.”

“தெரியாம எதுக்கு?”

“எல்லாரும் அப்படித்தான் ஆன்ட்டி பண்றாங்க.”

“அங்க பாதியில நிக்கற வேலை ஏதும் அவன் கையில இருக்கா?”

இல்லை என்றாள். அப்புறம் என்ன ஒளிவு? எனக்கு அது பிடிக்கவில்லை. ஆள் வேண்டுமென்றால் வாசல் வழியாகப் போய்க் கேட்கணும்.

அக்டோபர் 13, திங்கள்

நானே திருச்சிக்குப் போய் வந்தேன். வானதி மயிலாடுதுறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். வந்ததும் நல்ல சேதியாகச் சொல்லலாம்.

ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பூவன் பழம். நடவில் அதுதான் எங்கள் முறை. ஒருவர் வயலுக்குப் பேசி வைத்த ஆட்களை இன்னொருவர் கூப்பிடணும்னா, அந்த வயல்காரரிடம் வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்கணும். நாற்றைப் பறித்து முடிச்சுக் கட்டிவிட்டால் கேட்கவே கூடாது. பறித்த நாற்று ஆளுக்காகக் காத்திருக்காது.

குணசேகரன் தட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “என்னம்மா இது, பொண்ணு கேட்டு வந்த மாதிரி?”

“பையன் கேட்டுத்தாங்க வந்திருக்கேன். உங்க ஃபஹத்தை எங்ககிட்ட அனுப்பிக் குடுங்க.”

சிரிப்பு நின்றது. பிறகு காப்பி வரவழைத்தார். எல்வினைப் பற்றி நல்ல விதமாக நாலு வார்த்தை சொன்னார். “இந்தத் தொழில்ல நேர்ல வந்து கேட்ட ஆள் நீங்க ஒருத்தர்தாம்மா. யோசிச்சுச் சொல்றேன்,” என்றார். பழத்தை வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது மனசு நிறைந்திருந்தது. எல்வினுக்கும் இப்படிச் செய்திருந்தால் பிடித்திருக்கும்.

அக்டோபர் 15, புதன்

எல்லாம் நாசம்.

வானதி செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். “என்ன பண்ணிட்டு வந்தீங்க ஆன்ட்டி?”

நேற்றுக் காலை ஃபஹத் வேலைக்குப் போனால் அவன் அட்டைக்குக் கதவு திறக்கவில்லையாம். லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வாசலோடு அனுப்பிவிட்டார்கள். வேலையிலிருந்து விடுவித்தோம் என்று ஒரு கடிதம் தரணுமாம், அதைத் தர மாட்டோம் என்கிறார்கள். அது இல்லாமல் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காதாம். எங்களிடம் சேர்ந்தால் வக்கீல் நோட்டீஸ் வருமாம்.

“நான் மரியாதையாத்தானே கேட்டேன்?”

“அவரைக் கேட்டீங்க. அவனைக் கேட்டீங்களா? அவர்கிட்ட போய்க் கேட்க அவன் என்ன அவரு பண்ணையாளா?”

 அவள் தெரிந்து அதைச் சொல்லவில்லை. என் தாத்தா பண்ணையாள்தான். ஒரு மிராசுதார் இன்னொரு மிராசுதாரிடம் தாம்பூலம் வைத்துக் கேட்டு அவரை வாங்கிக்கொண்டாராம். தாத்தாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடிந்ததும் வேறு ஊர், வேறு கொட்டில். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்ப நானே அந்தத் தட்டைத் தூக்கிக்கிட்டுப் போய் நீட்டிட்டு வந்திருக்கேன் — காப்பி வேற குடிச்சேன். நடவுல முதல் வெத்தல எனக்குத்தானே வெச்சாங்க? எங்க பொம்பளைங்க சரின்னு சொன்ன பிறகுதானே வயல்காரர்கிட்ட போவாங்க? அதை எப்படி மறந்தேன்? முதலாளின்னு ஒரு நாற்காலியில உக்காந்ததும் மறந்துடுமா?

அக்டோபர் 16, வியாழன்

ஃபஹத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டு ராக்கெட் வளைந்து வந்து எங்கள் வைக்கோல் போரின் பக்கத்தில் விழுந்தது. வீட்டுக்காரர் கத்தினார். எல்வின் இருந்தால் அது ஏன் வளைந்தது என்று கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் குச்சியை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஃபஹத்துக்கு மறுபடி போன் போட்டேன். எடுத்தான். என்மேல்தான் தப்பு, நேரில் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போ என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

வந்தான். ஒல்லியாக, தூங்காத கண்ணோடு. “மேடம்” என்றான். மேடம் வேண்டாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க ஆன்ட்டி. எங்கம்மாதான், பழம் எடுத்துட்டுப் போன லேடியை ஒரு தடவை பார்க்கணும்ங்கறாங்க.”

வானதி சிரித்துவிட்டாள். எல்வின் போன பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்கவில்லை.

“இப்பக் கேட்கறேன், உன்னையே. எங்ககிட்ட வேலைக்கு வர்றியா?”

அதற்குப் பதிலாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தான். “இதுல எல்லாம் இருக்கு ஆன்ட்டி. சீக்கிரமே பெரியதைப் பறக்க விட்டுடலாம்.”

 வானதியின் கண் அதிலேயே இருந்தது. என் கண்ணும்தான். பொய் எழுதக் கூடாது.

“யார்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு எழுதினே?”

“அவங்ககிட்டதான். ஆனா அவங்க எனக்கு என்ன பண்ணாங்க?”

“பண்ணது அநியாயம். ஆனா இது அவங்க நாத்து. நடவுக்கு வர்றவ கையை வீசிக்கிட்டு வரணும். அடுத்த வயல் நாத்தைத் தலையில தூக்கிக்கிட்டு வரக் கூடாது.”

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “விண்ணு, உன் நியாயம் நடவுக்குச் சரி. இவன் நாத்து தலைக்குள்ளயே இருக்கே. அதை எங்க இறக்கி வச்சிட்டு வருவான்?”

நல்ல கேள்விதான். ராகம் போடாமல் கேட்டிருக்கலாம். தலை அவனுடையது. அதில் கற்றுக்கொண்டதன்மேல் எந்த முதலாளிக்கும் பாத்தியதை இல்லை. எழுதி வைத்துச் சம்பளம் வாங்கியது அவர்களுடையது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதிதாக யோசித்து வேறு மாதிரி எழுதட்டும். இப்படித்தான் எனக்குத் தோன்றியது, இப்படித்தான் சொன்னேன்.

“லேட்டாகும் ஆன்ட்டி,” என்றான்.

“ஆகட்டும்.”

அக்டோபர் 27, திங்கள்

ஃபஹத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடி திருச்சி. இந்தத் தடவை தட்டு இல்லை.

“பழம் எங்கம்மா?” என்றார் குணசேகரன்.

ஃபஹத் பென்டிரைவை அவர் முன்னால் வைத்தான். என்னவென்று சொன்னான். மனிதருக்கு முகம் மாறியது. “இதைக் காப்பி எடுத்து வச்சுக்கலைன்னு நான் எப்படி நம்பறது?”

“எனக்கு எடுக்கத் தெரியாதுங்க. எடுக்கத் தெரிஞ்சவ எங்க வானதி. மூணு நாளா அவ மேசையிலதான் கிடந்துச்சு. ஒரு டீ குடிக்கற நேரம் போதும் அவளுக்கு. தொடலை.”

“யாரு வானதி?”

சொன்னேன். எல்வினோடு சேர்ந்து அவள் செய்தது, தனியாகத் தாங்கி நிற்பது, எல்லாம் பெருமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுந்து நின்று சொன்னேன். “அன்னைக்கு உங்களைக் கேட்க வந்தேன், அது தப்பு. இன்னைக்குச் சொல்ல வந்திருக்கேன். ஃபஹத் அவனா இஷ்டப்பட்டு எங்ககிட்ட வர்றான். உங்க பொருள் உங்ககிட்ட வந்துடுச்சு. அவன் கடிதத்தைக் குடுங்க. குடுக்கலைன்னாலும் வருவான்.”

வணக்கம் வைத்துவிட்டுக் கிளம்பினோம். 

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். சாமந்தி, மெழுகுவர்த்தி. மழை தூறிக்கொண்டே இருந்தது, ஏற்ற ஏற்ற அணைந்தது. ஃபஹத் வந்து குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அதன் கீழே ஒன்று நின்று எரிந்தது. நாங்கள் கிளம்பிய பிறகும் வானதி எல்வின் கல்லறையை விட்டு நகரவில்லை. கூப்பிட வேண்டாம் என்று வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

என் பிள்ளை. மழையில நனையறான்.

நவம்பர் 6, வியாழன்

குணசேகரன் கடிதத்தை அனுப்பிவிட்டார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

நவம்பர் 27, வியாழன்

முதல் மருந்தடிப்பு போய்விட்டது. பெரியது கொட்டகையிலேயே நிற்கிறது. மூன்று தடவை தூக்கிப் பார்த்தார்கள், மூன்று தடவையும் சேற்றில் விழுந்தது. ஒரு இறக்கை போச்சு. ஃபஹத் எழுதுகிறான், அழிக்கிறான். அங்கே செய்தது போல் இல்லாமல் வேறு வழி தேடுகிறான். வானதியும் அவனும் டீக்கடையில்கூடத் தளும்புவதைப் பற்றியே பேசி, கிளாஸை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறார்கள். கடைக்காரர் விரட்டினாராம்.

“அந்தச் சின்ன சாமானைத் திருப்பிக் குடுக்காம இருந்திருந்தா,” என்றார் வீட்டுக்காரர்.

“இருந்திருந்தா பறந்திருக்கும். நான் அண்ணாந்து பார்த்திருக்க மாட்டேன்.”

அவர் வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

டிசம்பர் 9, செவ்வாய்

எங்கள் வயலில்தான். சங்கத்துக்காரர்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். தொட்டி பாதியாகிற நேரம் பார்த்துக் காற்று வந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்துகொண்டது. பயிருக்கு மேலே நேராகப் போய், திரும்பி, வந்து, உட்கார்ந்தது.

என் மடியில் இருந்த எல்வின் போன் அதிர்ந்தது.

இறங்கியாச்சு.

டிசம்பர் 16, செவ்வாய்

சங்கத்து வேலை எங்களுக்குத்தான். இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். வானதி எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஆன்ட்டி, குணசேகரன் சார் என்னை வேலைக்குக் கூப்பிடறாரு.”

எங்க வானதி, எங்க வானதின்னு போய்ப் பெருமை அடிச்சிட்டு வந்தேனே.

“அந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

“உனக்குப் போகணுமா?”

“இங்க இருந்தா எல்வின் விட்ட வேலையையே செஞ்சிக்கிட்டிருப்பேன் ஆன்ட்டி. அதை முடிச்சாச்சு. என் வேலை எதுன்னு நான் பார்க்கணும்.”

இருடி என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. அவனைப் பற்றிப் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

“நாத்து பறிச்சுக் கிடக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

“இல்ல ஆன்ட்டி. எல்லாத்தையும் ஃபஹத்துக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போவேன். இங்கேருந்து ஒண்ணும் எடுத்துட்டும் போக மாட்டேன்.”

“அப்ப போ.”

டிசம்பர் 31, புதன்

அவளுடைய கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு பூவனும் தட்டில் வைத்து அவள் கையில் கொடுத்தேன். “இது உனக்கு. அந்த ஆளுக்கு ஒரு பழம்கூடக் குடுக்காதே.” பஸ் ஏறும் வரை சிரித்துக்கொண்டிருந்தாள். ஏறிய பிறகு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஜனவரி 8, வியாழன்

பெரியது இன்று வானதி இல்லாமல் பறந்தது. ஃபஹத் ஓட்டினான், நான் வரப்பில் நின்றேன். கதிர் வந்துவிட்டது, மெதுவாகப் போ என்று மட்டும் சொன்னேன்.

எல்வின் போனுக்கு ரீசார்ஜ் முடிந்துவிட்டது. போடவில்லை. மெசேஜ் இனி என் நம்பருக்கு வருகிற மாதிரி ஃபஹத் மாற்றிக் கொடுத்தான்.

சாயந்திரம் வானதி மெசேஜில் கேட்டிருந்தாள்: “இறங்கிடுச்சா ஆன்ட்டி?”

போட்டிக் கம்பெனி ஆளுக்கு இதையெல்லாம் சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

“இறங்கிடுச்சு. சாப்பிட்டியா?” என்று அனுப்பினேன்.